பன்னிரண்டு குண்டுக்கு ஒரு பவுண்டு



கம்பத்தில் வங்கி எழுத்தராக நான் இருந்தபோது, வாசலில் காவல் நின்றவர் ஓய்வுபெற்ற ராணுவத்தார். தினமும் காலையில் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைப்பார். "இது பன்னிரண்டு போர், சார்" என்பார். பன்னிரண்டு என்பது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. துளை சுமார் 18.5 மில்லிமீட்டர். கணக்குப் படித்த எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஆனால் பழுது என்றால் உரிமம் பெற்ற கடைக்குத்தான் எடுத்துப் போவார். தானே ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார்.

நம் குடியிருப்புத் தம்பி ஒருவர் சென்ற மாதம், "துப்பாக்கி செய்யும் தொழிலைக் கற்க முதலில் என்ன மெஷின் வாங்கணும், சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தத் தொழில் நமக்குப் புதிது அல்ல. தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கியைப் பாருங்கள். நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில் செய்தது; 7 மீட்டருக்கு மேல் நீளம். வார்ப்பு இல்லை. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் சூட்டில் அடித்து ஒட்டிய கொல்லர் வேலை.

பாளையக்காரர் படைகளிடமும் திரித் துப்பாக்கிகள் இருந்தன. நம் போடிநாயக்கனூரும் ஒரு காலத்தில் பாளையம்தான். பாளையப் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதங்களைத் தடை செய்தது. ஆயுதம் போனால் அதைச் செய்தவன் பட்டறைக்கு என்ன வேலை? பின்னர் 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. குடகு மக்களுக்கு விலக்கு இருந்தது. அதனால் அங்கே வீட்டுத் துப்பாக்கி இன்றும் பண்டிகைப் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்தில் நமக்கு அந்த வழி இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பயிரைக் காக்க வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க இடமுண்டு. ஆனால் செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமின்றிச் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். தோட்டத்தில் காட்டுப்பன்றி தொல்லை என்று மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கி தட்டுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். குறையுள்ள குழல் சுடுபவன் கையிலேயே வெடிக்கும் என்பதையும்தான்.

அப்படியானால் தம்பி எங்கே தொடங்குவது? அளவில் தொடங்கலாம். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டுனா ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜோஹான்சன் 1896-இல் ஒரு வழி கண்டார். 102 எஃகுக் கட்டைகள் இருந்தால், அவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஏறக்குறைய 20,000 அளவுகளைப் பெறலாம் என்பதே அது. கட்டைகளை மெருகேற்ற, மனைவியின் தையல் மெஷினையே மாற்றி அமைத்தாராம்! இன்று நல்ல லேத் பட்டறைகளில் இருக்கும் ஸ்லிப் கேஜ் அதுதான். துப்பாக்கிக்காகப் பிறந்த துல்லியம் இன்று மோட்டார், பம்பு எல்லாவற்றுக்கும் உதவுகிறது.

பாகத்தைச் சோதிக்க இருமுனைக் கேஜ் உண்டு. ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையவே கூடாது. இந்தச் சோதனையில் தேறிய பாகம் அதே வகைத் துப்பாக்கி எதிலும் பொருந்தும். நான் எழுதிய பேரேடு வேறு எழுத்தரிடம் போனாலும் ஐந்தொகை சரியாக வருவது போல.

ஆகவே தம்பி, மெஷின் வாங்காதீர்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் அல்லது மெஷினிஸ்ட் பிரிவில் சேருங்கள். ஒரு நல்ல வெர்னியரும், 0.01 மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டரும் போதும். பிறகு 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடங்களில் வரும் அப்ரென்டிஸ் அறிவிப்பைக் கவனியுங்கள். 1801-இல் நம் பக்கம் அடைபட்ட கதவு திறந்திருப்பது அங்கேதான்.