நாக்கிங் கட்டுப்பாடு

பெட்ரோல் இன்ஜினுக்குள் முறைதவறி நடக்கும் வெடிப்பை அதன் அதிர்வைக் கொண்டு கண்டுபிடித்து, அடுத்தடுத்த சுழற்சிகளிலேயே அடக்கும் மின்னணு ஏற்பாடு. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். தீ எட்டும் முன்பே ஓரத்தில் மிஞ்சிய கலவை சூடும் அழுத்தமும் ஏறித் தானாகப் பற்றிக்கொண்டால், அழுத்த அலை எழுந்து சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பாரத்தோடு மேடேறும் பழைய காரில் கேட்கும் 'கிணுகிணு' சத்தம் அதுதான், நாக்கிங். பிஸ்டனை ஒட்டி ஒரு மெல்லிய வாயுப் படலம் சூட்டுக்குத் தடுப்பாக நிற்கும். அலை அதைக் கலைத்துவிடும். விட்டுவைத்தால் பிஸ்டன் தலை அரிபடும், ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரம் உடையும்.

வம்பு என்னவென்றால், பாரம் கூடும்போது இன்ஜின் நல்ல இழுவை தருவது பெரும்பாலும் நாக்கிங் தொடங்கும் எல்லையின் பக்கத்தில்தான். கம்ப்ரஷனைக் கூட்டினாலும் ஆதாயம், பொறியைச் சற்று முன்னதாகத் தட்டினாலும் ஆதாயம். இரண்டுமே இன்ஜினை நாக்கிங்கை நோக்கி நகர்த்தும்.

முதல் தலைமுறைப் பொறியாளர்கள் மருந்தைப் பெட்ரோலில் தேடினார்கள். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும், அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கும் அவரது உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் இதில் இறங்கினர். சிவப்பு நிறம் சூட்டை ஈர்த்துக் கலவையை விரைவில் ஆவியாக்கும் என்ற ஊகத்தில் மிட்ஜ்லி எரிபொருளில் அயோடினைக் கலந்தார், சத்தம் நின்றது. பிறகு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஊகம் தவறு, விளைவு மட்டும் உண்மை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டடைந்தார்கள். 1924இல் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சால் இறந்தனர். அப்படியும் அது உலகமெங்கும் பெட்ரோல் பங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கெட்டரிங்கின் டேட்டன் ஆய்வகத்திலிருந்தே வந்த ஒரு கருவி அதிகம் பேசப்படுவதில்லை. சிலிண்டரில் பொருத்திய மெல்லிய தகட்டின்மேல் ஒரு ஊசி நிற்கும். நாக்கிங் எழுந்தால் ஊசி துள்ளி மின் இணைப்பைத் தொடும். அப்போது பாயும் மின்சாரம் அமிலநீரைப் பிரிக்கும். எவ்வளவு வாயு சேர்கிறதோ அவ்வளவு நாக்கிங். இன்றைய சென்சாருக்கு இதையே மூதாதை எனலாம். ஆனால் அது எரிபொருளைத் தரம் பிரிக்கத்தான் பயன்பட்டது, காரில் ஏறவில்லை.

நாக்கிங் அலையின் சுருதியைக் கணக்கில் அடக்கியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். 1930களில் அவர் தந்த சூத்திரத்தின்படி ஒலி வேகமும் சிலிண்டரின் விட்டமும் தெரிந்தால் அதிர்வெண் தெரிந்துவிடும். 86 மி.மீ. விட்டத்துக்கு அது சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸ், சிலிண்டர் சிறுத்தால் சுருதி ஏறும்.

கார்களுக்கு இந்த அறிவு தேவைப்பட்டது ஈயம் விலகத் தொடங்கிய பிறகே. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை ஈயம் கெடுக்கும் என்பதால் அமெரிக்காவில் 1975 மாடல்களிலிருந்து ஈயமில்லாப் பெட்ரோல் பரவியது. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் தொடங்கி 2000இல் நாடெங்கும் அது நிலைத்தது. ஈயமின்றி ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) இறங்கும் என்பதால் அமெரிக்க நிறுவனங்கள் கம்ப்ரஷனைக் குறைத்தன, கார்கள் மந்தமாயின. 1978 மாடல் பியூக் டர்போ வி6 வேறு வழியில் போனது. கார்புரேட்டர்தான், ஆனால் நாக்கிங் கேட்டதும் பொறியைத் தாமதப்படுத்தும் மின்னணுப் பெட்டி கூடவே வந்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனத்தில் பெர் கில்பிரான்ட் வடிவமைத்து 1980களின் தொடக்கத்தில் வந்த ஏபிசி முறை பொறியைத் தொடவில்லை. டர்போவின் அழுத்தத்தை இறக்கியது. எந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினாலும் இன்ஜின் தனக்குத் தாங்கும் அளவை அதுவே தேடிக்கொள்ளும். என் பார்வையில் இரண்டில் நேர்த்தியானது இதுதான். போர்ஷே 944 டர்போ இரு வழிகளையும் சேர்த்துக்கொண்டது.

சென்சார் எளிய பொருள். வளைய வடிவப் பீசோ பீங்கான், அதன்மேல் ஒரு சிறு எடை, நடுவில் போல்ட். இன்ஜின் பிளாக் அதிர்ந்தால் எடை பீங்கானை அழுத்தும், மின்னழுத்தம் பிறக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றே பெரும்பாலும் போதும். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு இடையே இருக்கும். போல்ட்டைச் சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்க வேண்டும். துருப்பிடித்த பரப்பில் வைத்தாலோ, நடுவே ஒரு வாஷரைச் செருகினாலோ சென்சாரின் காது மந்தமாகிவிடும்.

கடினம் கேட்பதில் இல்லை, பிரித்தறிவதில் இருக்கிறது. வால்வு மூடும் அடி, இன்ஜெக்டரின் டிக் ஒலி, குளிர்ந்த பிஸ்டன் சுவரில் அடிப்பது எல்லாமே அதே பிளாக்கில்தான் ஓடுகின்றன. அதனால் இன்ஜினின் கணினி எப்போதும் கேட்பதில்லை. பொறி விழுந்த பின், பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கும் கிராங்க் சுழற்சியின் சில பத்து டிகிரிகள் மட்டும் காதைத் திறக்கும். 6,000 ஆர்.பி.எம்.மில் 60 டிகிரி என்பது 2 மில்லி விநாடிகூட இல்லை. அந்த இடைவெளியில் நாக்கிங்கின் அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி, ஆற்றலைக் கூட்டி, அந்தச் சிலிண்டர் வழக்கமாக எழுப்பும் இரைச்சலின் சராசரியோடு ஒப்பிடும். சராசரியைவிட நிர்ணயித்த மடங்கு மிஞ்சினால்தான் நாக்கிங் என்று தீர்ப்பு. எந்தச் சிலிண்டரின் முறை என்பது கிராங்க், கேம் சென்சார்களால் ஏற்கெனவே தெரியும்.

தண்டனை உடனே, மன்னிப்பு மெதுவாக. பிழைசெய்த சிலிண்டரின் பொறி இரண்டு மூன்று டிகிரி தாமதமாகும்; மறுபடி கேட்டால் இன்னும் கொஞ்சம். அமைதி திரும்பினால் டிகிரியின் சிறு பின்னங்களாக, பல சுழற்சிகளில் பழைய இடத்துக்கு ஏற்றும். அடிக்கடி தாமதிக்க நேரும் வேகத்தையும் பாரத்தையும் கணினி நினைவில் குறித்துக்கொள்ளும். 95 ஆக்டேனுக்கு அமைத்த காரில் 91 ஊற்றினால் அது பெரும்பாலும் உடையாமல் ஓடுவது இதனால்தான், ஆனால் இழுவை குறையும். சென்சாரின் மின்சுற்றே பழுதானால் கணினி பி0325 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்துவிட்டு, எச்சரிக்கையாகப் பொறியை மொத்தமாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வண்டி ஏன் திடீரென மந்தமாயிற்று என்று வருபவருக்குப் பல வேளைகளில் விடை அங்கே இருக்கும்.

1990களில் சாப் தன் டிரையோனிக் முறையில் ஸ்பார்க் பிளக்கையே சென்சாராக்கியது. பொறி விழுந்த பின் பிளக்கின் இடைவெளியில் சிறு மின்னழுத்தம் கொடுத்து, எரிந்த வாயுவின் அயனிகள் கடத்தும் மின்னோட்டத்தில் நாக்கிங்கின் அலையைப் படித்தது.

நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில் வேறொரு தொல்லை முளைத்தது. குறைந்த வேகத்தில், முழுப் பாரத்தில், பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்கிறது. பொறியைத் தாமதிப்பதால் இங்கே பயனில்லை. ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம், சென்சார் கேட்கும்போது காரியம் முடிந்திருக்கும். சிலிண்டருக்குள் சிதறும் ஆயில் துளிகளுக்கும், அந்த ஆயிலில் சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கால்சியம் சேர்மங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரியவந்தது. 2018இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ் ஆயில் தரம் இந்தத் தொல்லையைக் குறைப்பதற்காகவே கொண்டுவரப்பட்டது.