சமூக ஊடகங்களில் அரசியல் சொல்தேர்வு

சமூக ஊடகங்களில் அரசியல் சொல்தேர்வு என்பது, ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து வழங்குவதன் மூலம் செயற்பாட்டாளர்கள் தம் கொள்கை நிலைப்பாட்டை உணர்த்தும் வழக்கமாகும். முகநூல், டுவிட்டர் (2023 முதல் எக்ஸ்) போன்ற தளங்களில் இடுகைகள் பெரும்பாலும் சுருக்கமானவை. ஆதலால், நீண்ட விளக்கம் செய்ய வேண்டிய பணியை ஒரு சொல்லே செய்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள் உள்ளன.

பின்னணி

இவ்வழக்கம் இணையத்துக்கு முற்பட்டது. மறைமலை அடிகள் 1916 இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கமும் வடசொற்களுக்கு மாற்றாகத் தமிழ்ச் சொற்களைப் பரப்பின. "நமஸ்காரம்" என்பதற்கு "வணக்கம்", "அக்கிராசனர்" என்பதற்குத் "தலைவர்", "காரியதரிசி" என்பதற்குச் "செயலாளர்" என்பன வழக்கில் நிலைபெற்றன. ஒரு காலத்தில் இயக்கச் சார்பை உணர்த்திய இச்சொற்கள் இன்று எல்லாக் கட்சியினருக்கும் பொதுவானவை.

ஒன்றிய அரசும் மத்திய அரசும்

இந்திய அரசியலமைப்பின் முதல் உறுப்பு, இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று கூறுகிறது. சட்டச் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் 1897 ஆம் ஆண்டுச் சட்டமோ "மத்திய அரசு" என்னும் தொடருக்கு வரையறை தருகிறது. 2021 மே மாதம் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தபின் "ஒன்றிய அரசு" என்ற தொடர் மாநில அரசின் வழக்கில் இடம்பெற்றது. கூட்டாட்சியையும் மாநில உரிமையையும் வலியுறுத்துவோர் இணையத்திலும் இதனையே எழுதினர். இச்சொல் ஊராட்சி ஒன்றியத்தை நினைவூட்டி நாட்டின் அரசைச் சிறுமைப்படுத்துகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2021 சூன் 23 அன்று சட்டமன்றத்தில் நயினார் நாகேந்திரன் இது குறித்து வினவினார். அரசியலமைப்பில் உள்ள சொல்லே பயன்படுத்தப்படுகிறது என முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் விடையளித்தார்.

தமிழ்நாடும் தமிழகமும்

சென்னை மாநிலத்தின் பெயரை மாற்றக் கோரி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 இல் உயிர்நீத்தார். 1967 சூலை 18 அன்று சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் "தமிழ்நாடு" என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

2023 சனவரியில் ஆளுநர் ஆர். என். ரவி, "தமிழகம்" என்பதே பொருத்தமான சொல் என்று பேசினார். இதற்கு எதிர்ப்பாகப் பலர் டுவிட்டரில் "தமிழ்நாடு" என்ற சொல்லையே ஹேஷ்டேக்காகப் பதிவிட்டனர். பெயரை மாற்ற வேண்டும் எனத் தாம் கூறவில்லை என்று ஆளுநர் பின்னர் விளக்கமளித்தார்.

இவ்விரு சொற்களும் பழமையானவை. "தமிழகம்" புறநானூற்றிலும், "தமிழ்நாடு" சிலப்பதிகாரத்திலும் காணப்படுகின்றன. எனவே, அரசியல் பொருள் சொல்லின் வேரிலிருந்து பிறப்பதன்று; அது எந்தச் சொல்லுக்கு எதிராக நிறுத்தப்படுகிறது என்பதிலிருந்தே பிறக்கிறது எனலாம்.

வரம்புகள்

சொல்லை மட்டும் கொண்டு ஒருவரின் கொள்கையை உறுதிசெய்ய இயலாது. பழக்கத்தால் "மத்திய அரசு" என எழுதுவோரும், "தமிழகம்" எனத் தலைப்பிடும் இதழ்களும் உண்டு. பூசல் முற்றும்போது இத்தகையோரும் ஒரு தரப்பினராக எண்ணப்படுகின்றனர். நடுநிலையாக எழுத விரும்புவோருக்குப் பொதுச்சொல் இல்லாமற் போவது இவ்வழக்கத்தின் முக்கிய விளைவாகும்.