நேர்கோடும் மனையுரிமையும்: இலண்டன் தெருக்களும் வடசென்னைத் தெருக்களும்

காலனிய நகரங்களின் தெருவமைப்பு குறித்த எழுத்துகளில் ஒரு கருத்து அடிக்கடி தலைகாட்டுகிறது. ஐரோப்பியர் தம் நாட்டு நகர ஒழுங்கைக் கடல் கடந்து கொண்டுவந்து, ஒழுங்கற்றுக் கிடந்த கீழைநாட்டுக் குடியிருப்புகளில் நேரான தெருக்களை வகுத்தனர் என்பதே அது. சென்னையையும் இலண்டனையும் அருகருகே வைத்து நோக்கின் இக்கருத்து நிலைபெறுவதில்லை.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் இலண்டன் நகரின் பெரும்பகுதி அழிந்தது. தீயணைந்த சில நாள்களிலேயே கிறிஸ்டோபர் ரென், ஜான் ஈவ்லின் ஆகியோர் அகன்ற நேர்வீதிகள் கொண்ட திட்டங்களை இரண்டாம் சார்லசிடம் அளித்தனர். அவை ஏட்டளவில் நின்றன. எரிந்த மனைகளுக்கு உரிமையாளர் இருந்தனர். அவர்களிடமிருந்து நிலத்தைப் பெற்று இழப்பீடு வழங்கும் வலிமை அரசுக்கு இல்லை. சில தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன. கிங் தெரு போன்ற மிகச் சில புதிதாகத் திறக்கப்பட்டன. மற்றபடி இடைக்காலத் தெருக்களின் போக்கிலேயே செங்கல் வீடுகள் எழுந்தன.

சென்னையில் நிலை வேறு. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் அமைந்துள்ள பகுதியில், பழைய கறுப்பர் நகரம் இருந்தது. தாமஸ் பிட் ஆளுநராக இருந்த காலத்தை (1698–1709) ஒட்டிய நிலப்படம் அங்கு ஏறத்தாழ நேரான தெருக்களைக் காட்டுகிறது. இலண்டனில் வரைய இயலாத கோடு இங்கு வரையப்பட்டிருந்தது. எனினும் அதனைக் கம்பெனியின் கொடை மட்டுமாகக் கொள்வது பொருந்தாது. 1707இல் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே மூண்ட பூசலின் தீர்வாகவே பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் உரியனவாக வகுக்கப்பட்டன. 1708இல் கம்பெனியின் கைக்கு வந்த ஊர்களுள் ஒன்றான திருவொற்றியூரிலோ, தியாகராசர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகள் தேரோட்டத்தின் தேவைக்கேற்ப அமைந்தவை. நேர்வீதியைத் தமிழ் ஊர்கள் ஆங்கிலேயரிடம் கற்க வேண்டியிருக்கவில்லை.

வேறுபாடு அழிப்பில்தான் வெளிப்படுகிறது. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்தனர். நகரை மீட்ட ஆங்கிலேயர் எஞ்சியவற்றையும் படிப்படியாக அகற்றினர். பீரங்கிக்கு முன் மறைவற்ற வெளி வேண்டும் என்பதே காரணம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அவ்வாறே இடிக்கப்பட்டு, பின்னர் வேறிடத்தில் எழுந்தது. 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நாட்டப்பட்டு, அவற்றுக்குத் தெற்கே கட்டடம் எழுப்புவது தடுக்கப்பட்டது. ஒரு தூண் இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. மாற்றிடம் தரப்பட்டதுண்டு, மறுக்கும் உரிமை இருந்ததாகத் தெரியவில்லை.

இதனை ஆள்வோர், ஆளப்படுவோர் என்ற இருமையில் மட்டும் அடக்கிவிடலாகாது. இலண்டனில் செயின்ட் கேத்தரின் கப்பல்துறைக்காக 1820களில் ஏறத்தாழ 11,300 பேர் குடியிருந்த பகுதி இடிக்கப்பட்டது. நில உரிமையாளர் இழப்பீடு பெற்றனர். வாடகைக்கு இருந்தோர் வெறுங்கையோடு வெளியேறினர். ரெனின் திட்டத்தைத் தடுத்த அதே மனையுரிமை, உரிமையற்ற ஏழைகளைக் காக்கவில்லை.

இராயபுரத்தை இவ்வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். கோட்டைக் கடற்கரையில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கிய படகோட்டிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் குடியமர்ந்தனர். இராயப்பர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1856இல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1870களில் துறைமுகப் பணி தொடங்கியது. கப்பல் கரையை அணையத் தொடங்கவே மசூலாப் படகின் தேவை குன்றியது. துறைமுகச் சுவர்கள் கரையோர மணலோட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் நிலத்தை அரித்தது. அக்கரையில் குப்பங்கள் பின்வாங்கின. இப்போது அங்கே அலைக்கும் சாலைக்கும் இடையில் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன.