கச்சாவோவும் ஹவானாவின் டபுள் பேஸ் மரபும்

ஆப்பிரிக்கத் தாள மரபும் ஐரோப்பிய இசையமைப்பு முறையும் கியூபத் தீவில் கலந்து உருவானது ஆஃப்ரோ-கியூப இசை. அதன் வரலாற்றை எழுதியோர் பாடகர்களுக்கும் தாளவாத்தியக் கலைஞர்களுக்கும் அளித்த இடத்தை, ஆளுயரத்தையும் மிஞ்சி நிற்கும் டபுள் பேஸ் என்னும் தந்திக்கருவியை வாசித்தவர்களுக்கு அளிக்கவில்லை. ஆயினும், 20ஆம் நூற்றாண்டில் அவ்விசை கண்ட இரண்டு பெரும் திருப்பங்கள், கச்சாவோ என்று அழைக்கப்பட்ட இஸ்ரேல் லோபெஸ் (1918–2008) என்னும் பேஸ் கலைஞரின் தொழில் வாழ்வோடு பிணைந்திருக்கின்றன. அத்திருப்பங்களுக்கு அவருடைய மேதைமை எவ்வளவு காரணமோ, அக்கால ஹவானா நகரம் இசைக்கலைஞர்களுக்கு அளித்த பிழைப்பும் அவ்வளவு காரணம்.

கிழக்குக் கியூபாவில் பிறந்து ஹவானாவை வந்தடைந்த சோன் என்னும் பாட்டிசையில் தொடக்கத்தில் டபுள் பேஸ் கிடையாது. மரப்பெட்டியில் உலோகப் பட்டைகளைப் பொருத்தி விரலால் மீட்டி வாசிக்கும் மரிம்புலா என்னும் ஆப்பிரிக்க வழிக் கருவியோ, வாயால் ஊதி ஒலியெழுப்பும் மண்குடமோதான் கீழ்ச்சுரங்களைத் தந்தது. 1920களில் அவற்றின் இடத்தை டபுள் பேஸ் பிடித்தபோது, ஐரோப்பிய வாத்தியக் குழுக்களில் பெரும்பாலும் வில்லால் இழைக்கப்பட்ட அக்கருவி, சோன் குழுக்களில் விரலால் மீட்டப்பட்டுத் தாளவாத்தியத்தின் கடமையையும் ஏற்றது.

அக்கடமையின் சாரம் தும்பாவ் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் பேஸ் அமைப்பில் அடங்கியிருக்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனத்தில், இரண்டாம் எண்ணிக்கையின் பிற்பாதியிலும் நான்காம் எண்ணிக்கையிலும் தந்தி ஒலிக்கிறது. நான்காவதில் எழும் சுரம் அடுத்த ஆவர்த்தனத்துக்குரிய சுரக்கூட்டைச் சேர்ந்தது என்பதால், முதல் எண்ணிக்கை புதிதாக மீட்டப்படாமல் அந்த நீண்ட ஒலியின் மீதே கடந்துபோகிறது. கர்நாடக இசையில் சமத்துக்கு முன்பே பாட்டு தொடங்கும் அதீத எடுப்பை அறிந்தவர்கள் இதன் இழுப்பை எளிதில் உணர்வர். ஆடுவோரின் கால்களை முன்னோக்கித் தள்ளும் விசை பெரிதும் இந்த முந்துதலிலிருந்தே பிறக்கிறது.

கச்சாவோ பிறந்த குடும்பத்தில் பேஸ் வாசிப்பு பரம்பரைத் தொழில். பெற்றோரும் தமையன் ஒரெஸ்தெஸும் இசைக்கலைஞர்கள்; உறவினருள் பேஸ் வாசித்தோர் பலர். ஏறத்தாழ பதின்மூன்று வயதில் அவர் ஹவானா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் சேர்ந்தபோது, கருவியின் கழுத்தை எட்டுவதற்கு ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார் என்பர். ஐரோப்பியச் செவ்வியல் படைப்புகளை வாசித்த அக்குழுவில் 1960 வரை தொடர்ந்த அவர், அதே ஆண்டுகளில் நடன அரங்குகளிலும் வாசித்து வந்தார்.

முதல் திருப்பம் அந்த நடன அரங்குகளில் நிகழ்ந்தது. 1879இல் மத்தான்சாஸ் நகரில் மிகெல் ஃபைல்தே அரங்கேற்றிய தான்சோன் என்னும் நிதானமான நடன இசையை, புல்லாங்குழலும் வயலின்களும் முதன்மை பெறும் சரங்கா வகைக் குழுக்கள் வளர்த்துவந்தன. புல்லாங்குழல் கலைஞர் அந்தோனியோ அர்கான்யோவின் குழுவில் இருந்த லோபெஸ் சகோதரர்கள் தான்சோன்களைப் பெருந்தொகையில் இயற்றினர். ஒரெஸ்தெஸ் 1938இல் இயற்றிய ‘மாம்போ’ என்னும் தான்சோனின் இறுதிப் பகுதி, சோன் இசையின் மாறுதாள நடையைத் தான்சோனுக்குள் கொண்டுவந்தது. இசைக்குழுத் தலைவர் பெரெஸ் பிராதோ 1940களின் இறுதியில் மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் பரப்பிய மாம்போ, பித்தளைக் குழல்கள் முழங்கும் வேறொரு வடிவம் எனினும், அப்பெயரும் அந்நடையும் சகோதரர்களின் பணிக்குக் கடன்பட்டவை. அர்கான்யோ குழுவில் வயலின் வாசித்த என்ரிகே ஹோரின் பின்னர் சாச்சாச்சா நடன இசையை உருவாக்கியதும் இம்மரபின் கிளையே.

இரண்டாம் திருப்பம் 1957இல் நேர்ந்தது. இரவு விடுதிகளில் வேலை முடித்த கலைஞர்கள் விடியற்காலையில் பனார்ட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்காகக் கூடினர். கொங்கா முரசில் தாத்தா குயினெஸ், திம்பாலெஸ் முரசுகளில் கியெர்மோ பாரெத்தோ, டிரம்பெட்டில் அலெஹாந்த்ரோ விவார் ஆகியோர் கச்சாவோவின் தலைமையில் வாசித்தனர். முழுமையாக எழுதிவைத்த இசைக்கு மாறாக, பேஸ் நிலைநிறுத்தும் நடையின் மேல் ஒவ்வொருவரும் கற்பனையாக வாசிக்கும் இம்முறைக்கு டெஸ்கார்கா என்று பெயர். சில நிமிடங்களே நீளும் அப்பதிவுகள் நியூயார்க்கின் சால்சா கலைஞர்களுக்குப் பாடநூலாயின.

1962இல் கியூபாவை விட்டு ஸ்பெயின் சென்ற கச்சாவோ, பின்னர் நியூயார்க்கில் மச்சித்தோ, தீத்தோ ரொத்ரீகெஸ் முதலியோரின் குழுக்களில் வாசித்தார். அதன்பின் மயாமியில் குடியேறியபோது, திருமணங்களிலும் ஞானஸ்நான விருந்துகளிலும் வாசித்தே காலம் தள்ளினார். நடிகர் ஆன்டி கார்சியா 1993இல் எடுத்த ஆவணப்படமும், அதைத் தொடர்ந்து கிராமி விருது பெற்ற இசைத்தொகுப்பும் எழுபது வயதைக் கடந்தபின் அவரை மீண்டும் மேடையேற்றின. ஹவானாவிலேயே தங்கிய ஒரெஸ்தெஸின் மகன் ஒர்லாந்தோ ‘கச்சாயித்தோ’ லோபெஸ், 1997இல் வெளியான ‘புவேனா விஸ்தா சோஷியல் கிளப்’ இசைத்தொகுப்பின் வழியே குடும்ப மரபை உலகறியச் செய்தார்.

மாம்போவையும் டெஸ்கார்காவையும் வளர்த்த அதே விரல்கள்தாம் மயாமியின் விருந்து மண்டபங்களிலும் தந்தியை மீட்டின. கலைஞரின் திறன் குறையவில்லை, அத்திறனைச் சுமந்த அமைப்புதான் இல்லாமற்போயிற்று. செவ்வியல் இசைக்குழு, நடன அரங்கு, இரவு விடுதி, ஒலிப்பதிவுக்கூடம் ஆகிய நான்கும் ஒரே நகரில் ஒரே கலைஞருக்குக் கூலி கொடுத்த ஹவானாவில்தான், ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அன்றாடம் கிடைத்தது. ஓர் இசை மரபின் செழுமையை அளக்க விரும்புவோர், அதன் பாடல்களோடு கலைஞர்களின் தொழிற்களங்களையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதற்குக் கச்சாவோவின் வாழ்வு வலுவான சான்று.