கயிற்றில் ஒட்டிய மணல்

1909. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் அதைச் சோதித்தார். மோனசைட்! இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளும் வேலை அப்படித்தான் தொடங்கியது.

அன்றைக்குத் தேவைப்பட்டது அதிலிருந்த தோரியம். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாக ஒரு வலை தொங்குமே, அந்த மேன்டிலுக்காக. 1891-ல் ஆஸ்திரியாவின் ஆவர் கண்ட கலவை: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. மிச்சமிருந்த அருமண்கள் கழிவாகக் குவிந்தன. ஆவர் அவற்றிலிருந்து லைட்டர் கல் செய்தார். இத்தனைக்கும் 1885-ல் நியோடிமியத்தைப் பிரித்தெடுத்தவரே அவர்தான்.

இப்போ எல்லாம் தலைகீழ். மின்கார் மோட்டாரின் காந்தத்துக்கு நியோடிமியம் வேணும். உலகமே அதற்கு அலைகிறது. அன்று தேடி வந்த தோரியம்தான், கதிர்வீச்சு என்ற பெயரில், கடற்கரை மக்களின் இன்றைய பயம்.