டேனிய மொழியில் வரையறாச் சுட்டு

ரூனிக் கல்வெட்டுகளின் காலத்து டேனிய மொழியில் வரையறாச் சுட்டு கிடையாது. வெறும் பெயர்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. இடைக்காலத்தில், 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயர் மெல்ல அழுத்தம் இழந்து அந்தச் சுட்டாக மாறியது.

அப்போது ஆண், பெண், அஃறிணை என மூன்று பால்கள் இருந்தன. பின்னர் பொது டேனிய மொழியில் முதல் இரண்டும் பொதுப்பாலாக இணைந்தன. அதனால் இன்று சுட்டுகள் இரண்டே: பொதுப்பாலுக்கு 'என்', அஃறிணைக்கு 'எட்'. 'என் ஸ்டேன்' என்றால் ஒரு கல். 'எட் ஹூஸ்' என்றால் ஒரு வீடு. குறிப்பிட்ட வீட்டைச் சொல்லும்போது அதே வடிவுள்ள 'எட்' என்னும் பின்னொட்டு சேர்ந்து 'ஹூஸெட்' ஆகிறது; ஆனால் இப்பின்னொட்டு எண்ணுப்பெயரிலிருந்து அல்ல, பழைய சுட்டுப்பெயர் ஒன்றிலிருந்து வந்தது.

போர்ன்ஹோல்ம் தீவின் வட்டார வழக்கு மூன்று பால்களையும் காத்தது. மேற்கு யூட்லாந்து வழக்கிலோ பால் வேறுபாடே மறைந்தது.

பன்மைக்கும், ஒருவர் இன்ன தொழில் செய்பவர் என்று மட்டும் கூறும் வாக்கியத்துக்கும் இச்சுட்டு இன்றும் வருவதில்லை.