தொப்பியில் ஒரு யானை

நவம்பர் மாதம் வங்கிக் கவுண்டருக்கு வரும் ஓய்வூதியக்காரர்களில் முன்னாள் பட்டாளத்துக்காரரைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். லைஃப் சர்ட்டிஃபிகேட் படிவத்தை மடிக்காமல் கொண்டுவருவார். சென்ற முறை வந்த ஒருவரின் சட்டையில் சின்னதாக ஒரு பேட்ஜ். கேடயத்தின் மேல் யானை. குறுக்காக இரண்டு வாள்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னம். ஏன் யானை என்று கேட்டேன். "பலம் சார், யானை பலம்" என்றார்.

தவறில்லை. ஆனால் இந்த யானை பலத்துக்கு உவமையாகப் பிறந்ததல்ல. அதற்கு ஊரும் தேதியும் உண்டு. 1803 செப்டம்பர் 23, அஸ்ஸாயே. இன்றைய மகாராஷ்டிரத்து ஜால்னா மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே ஆர்தர் வெல்லஸ்லியின் படை சிந்தியா, போன்ஸ்லே இருவரின் சேனையை முறியடித்தது. வென்ற தரப்பிலேயே மாண்டவரும் காயம்பட்டவருமாக 1,500 பேருக்கு மேல். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் தளபதியின் அண்ணன் ரிச்சர்ட் வெல்லஸ்லி. போரிட்ட படைகளுக்குக் கௌரவக் கொடிகள் அளிக்கப்பட்டன. யானை அந்த வெற்றியின் அடையாளமாயிற்று. மதராஸ் சிப்பாய்ப் படைகளுக்கும் அதே யானை, 74-வது, 78-வது ஸ்காட்லாந்துப் படைகளுக்கும் அதே யானை.

ஸ்காட்லாந்துக்காரனுக்கு யானை, தான் கடல் கடந்து போய் வந்ததற்குச் சாட்சி. மதராஸ் சிப்பாய்க்கோ அது கோயில் வாசலில் நிற்கிற பிராணி. அவனுடைய யானையை அவனுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலிக்கு அருகே பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும் இருக்கும். வென்றவன் யார், தோற்றவன் யார் என்பதில் அங்கே சந்தேகமில்லை. அஸ்ஸாயே யானையில் அந்தத் தெளிவு கிடையாது. வென்றதும் யானை, தோற்றதும் யானை.

இந்தக் குழப்பம் அஸ்ஸாயேயில் தொடங்கியதுமல்ல. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் ஊரில் நடந்தது. 1752-ல் பிரெஞ்சுப் படை சரணடைந்தது ஸ்ரீரங்கத்தில். 1753-ல் சண்டை பொன்மலையில். ஆங்கிலக் கம்பெனி, பிரெஞ்சுக் கம்பெனி இரண்டின் பக்கமும் துப்பாக்கி தூக்கி நின்றவர்களில் நம்மவர்கள் உண்டு. அந்த யுத்தங்களின் அனுபவத்திலிருந்துதான் 1758-ல் மதராஸ் சிப்பாய்கள் முறையான பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டார்கள். யாருக்காக என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பழைய பதில் இருந்தது: செஞ்சோற்றுக் கடன். சோறு போட்டவன் யார் என்று அந்தக் கடன் கேட்பதில்லை.

விடுதலைக்குப் பின் ராணுவச் சின்னங்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. இந்திய அரசர்களோடு பொருதிப் பெற்ற போர்ப் பெருமைகளை இனிக் கொண்டாடுவதில்லை என்று ராணுவம் ஒதுக்கியது. அஸ்ஸாயேயும் அவற்றில் ஒன்று. பெயர் போயிற்று, யானை தங்கிவிட்டது. ரெஜிமெண்டின் மையம் நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கிறது. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவான அதே ஆர்தர் வெல்லஸ்லியின் பெயர் கொண்ட ஊர். படையின் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது: தன் தர்மத்தில் நின்று மடிவதே மேல் என்பது அதன் பொருள். அஸ்ஸாயேயில் மடிந்த சிப்பாயின் தர்மம் எது என்பதற்கு அந்த வாசகத்தில் பதில் இல்லை.

யானையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'யானை என்றால் பலம்' என்று அகராதி எழுதுகிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். நம் கவிதை வாசகர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. கிளி என்றால் ஆன்மா, கிணறு என்றால் ஆழ்மனம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். படிமத்திலிருந்து அதன் ஊரையும் தேதியையும் உரித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல குணத்தின் பெயர் மட்டுமே. அது யாருக்கும் பொருந்தும், யாரையும் உறுத்தாது.

அஸ்ஸாயேயைப் பற்றி அந்தப் பெரியவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "எழுபத்தொண்ணுல கூட இருந்தவங்க ரெண்டு பேரு வரல சார்" என்று பேட்ஜைத் தொட்டார். அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் அது, அஸ்ஸாயேயிலும் இல்லை. அதை நீக்கிவிட்டு அந்த யானையைப் படிக்க இனி எனக்கு உரிமையில்லை. அஸ்ஸாயேயை நீக்கிவிட்டுப் படிக்கவும் இல்லை. படிவத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.